தேவண்ணன் இல்லாமல் வாசித்த நாள்

சென்ற மாதம், நான் முன்பு வேலை செய்த இசைக்குழுவிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. இப்போது அங்கே இசை எழுதும் மூன்று பேர் சேர்ந்து ஒரு சிறு கையேடு போடப்போகிறார்களாம். ஒத்திகைக்கு யார் வருவார்கள், எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாத ஒரு குழுவுக்கு எப்படி இசை எழுதுவது என்பதுதான் கையேட்டின் பொருள். ‘வந்தவர்கள்’ என்ற படைப்பை எழுதிய முறையை நான் நான்கு பக்கத்தில் சொன்னால் போதும் என்று கேட்டிருந்தார்கள். முறையை மட்டும் எழுதினால் போதும் என்ற வரியை அடிக்கோடிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்றவர்களிடம் கேட்டால் கதை சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள் என்று அவர்கள் பயப்படுவது நியாயம்தான்.

முறையைச் சொல்கிறேன். ஆனால் எங்கள் குழுவில் யூஃபோனியம் என்ற பெரிய பித்தளை ஊதுவாத்தியத்தை வாசித்த தேவண்ணனைச் சொல்லாமல் எனக்கு அதைச் சொல்ல வரவில்லை. நான்கு பக்கத்தைத் தாண்டினால் அவர்கள் வெட்டிக்கொள்ளட்டும்.

என் அப்பா ஜெஞ்சாரோம் என்ற ஊரில், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். கிள்ளானில் கோயில் மண்டபத்து வகுப்பில் எட்டு வருடம் வயலின் கற்றேன். பள்ளிக்கூட பேண்டில் கிளாரினெட் ஊதினேன். பல்கலைக்கழகத்தில் இசை படித்தேன். அங்கேதான் பாட்டும் தாளமும் இல்லாத இசையை முதன்முதலில் கேட்டேன். ஒரு சுரம் எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கிறது, எந்த இடத்தில் கலங்குகிறது, பக்கத்தில் இன்னொரு சுரம் வந்தால் அதற்கு என்ன ஆகிறது என்று கவனிக்கும் இசை அது. வீட்டில் ஒருமுறை போட்டுக் காட்டினேன். அம்மா சிறிது நேரம் கேட்டுவிட்டு, ஃபிரிட்ஜ் பழுதாகிவிட்டதா என்று எழுந்து போய்ப் பார்த்தார்.

குழுவில் நான் எழுத்தராகத்தான் சேர்ந்தேன். கடிதம் எழுதுவது, மண்டபம் பதிவு செய்வது, வாத்தியக்காரர்களுக்கு அவரவர் வாசிக்க வேண்டிய பக்கங்களைப் பிரித்தெழுதிக் கொடுப்பது. ஆறு வருடம் மற்றவர்களின் இசையை இப்படிப் பிரித்தெழுதிய பிறகுதான் என் இசையை எழுதினேன். இருபத்தெட்டு வருடத்துக்குப் பிறகு ஓய்வு பெற்றேன். இசையமைப்பாளர் என்று சொன்னால் எந்தப் படத்துக்கு என்று கேட்பார்கள். அதனால் கல்யாண வீடுகளில் ஆபீஸ் வேலை என்று சொல்லிவிடுவேன்.

குழு இருந்தது கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில், ஒரு போட்டோஸ்டாட் கடைக்கு மேலே. ஜன்னலை மூடினால் வேர்க்கும். திறந்தால் மோனோரயிலும் பூக்கடைக்காரர்களின் சத்தமும் உள்ளே வரும். ஒன்பது வாத்தியக்காரர்கள். ஒருவருக்கும் இது முழுநேர வேலை கிடையாது. வயலினைவிடப் பெரிய, தாழ்ந்த குரலுள்ள செல்லோவை வாசித்த ஹுய் மின் பள்ளிக்கூட ஆசிரியை. புல்லாங்குழல்காரர் பல் மருத்துவர். தேவண்ணன் கிள்ளான் துறைமுகத்தில் கிடங்கு மேற்பார்வையாளர். மனைவி இறந்துவிட்டார், மலர் என்று ஒரே மகள். சனிக்கிழமைதோறும் யூஃபோனியத்தை முதுகில் மாட்டிக்கொண்டு கொமுட்டர் ரயிலில் வருவார். கூட்டமாக இருந்தால் அதை மடியில் வைத்து, தூங்குகிற குழந்தையைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதிகம் பேசமாட்டார். ஒத்திகை முடிந்ததும், ஊதி ஊதி வாத்தியத்தில் சேர்ந்த தண்ணீரை ஒரு பழைய துணியில் வடித்து, அந்தத் துணியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். தரையில் ஒரு சொட்டு விழாது. பதினான்கு வருடத்தில் அவர் வராத சனிக்கிழமைகள் இரண்டோ மூன்றோதான்.

குழுவை நடத்தியவர் மேடம் லூய். பிரிக்ஃபீல்ட்ஸிலேயே பிறந்து வளர்ந்த சீனப் பெண்மணி. தமிழ் சரளமாகப் பேசுவார், ஆனால் மரியாதை விகுதிகள் மட்டும் அவருக்கு வராது. சின்னவர் பெரியவர் எல்லோரும் அவருக்கு அவன், அவள்தான். இளம் வயதில் தாள வாத்தியங்கள் வாசித்தவர். மணிக்கட்டு தேய்ந்த பிறகு குழுவை நடத்துவதோடு நிறுத்திக்கொண்டார்.

அவரிடம் புது இசையைக் காட்டுவது பரீட்சை மாதிரி. எல்லோருடைய இசையையும் சேர்த்தெழுதிய முழு ஸ்கோரை விரித்தால் கண்ணாலும் பார்க்கமாட்டார். யாராவது ஒரு வாத்தியக்காரருடைய பக்கத்தை மட்டும் எடுத்து வரச் சொல்வார். நாம் அந்த வாத்தியக்காரரின் நாற்காலியில் உட்கார வேண்டும். அவர் எதிரே உட்கார்ந்து, கொய்யாவை நறுக்கிக்கொண்டே மூன்று கேள்வி கேட்பார். இவன் எங்கே ஆரம்பிக்கிறான்? அதுதான் இடம் என்று இவனுக்கு எப்படித் தெரியும்? இவன் எப்படி முடிக்கிறான்? பதில் பிடிக்காவிட்டால் ஒன்றும் சொல்லாமல் நறுக்கிக்கொண்டே இருப்பார். நாமாகவே காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிட வேண்டும். பிடித்திருந்தால் தட்டை நம் பக்கம் தள்ளுவார். வேறு பாராட்டு கிடையாது. என்னுடைய முதல் இசைக்குத் தட்டு நகர இரண்டு வருடமானது.

நான் சொல்லவந்த வருடத்தில் ஒத்திகைகள் அடிக்கடி கெட்டுக்கொண்டிருந்தன. ஒருவருக்குப் பரீட்சைத் தாள் திருத்தும் வேலை, இன்னொருவருக்குக் குழந்தைக்குக் காய்ச்சல், மற்றவருக்குச் சாலை நெரிசல். ஏழு பேருக்கு எழுதிய இசையை ஐந்து பேரால் வாசிக்க முடியாது. வந்தவர்கள் காப்பி குடித்துவிட்டுத் திரும்பிப் போவார்கள். அப்போதுதான் ஒரு மத்தியானம் மேடம் என்னை அழைத்தார்.

“சுகுணா, யார் வரலன்னாலும் நிக்காத மாதிரி ஒண்ணு எழுது லா,” என்றார். “யார் வரலன்னு வெளியில கேக்குறவனுக்குத் தெரியக்கூடாது. வராதவனும் வெக்கப்படக்கூடாது.”

ஒத்திகைகளை ரத்துசெய்து அலுத்துப்போய்த்தான் இதைக் கேட்கிறார் என்று நினைத்தேன். அந்தக் கடைசி வாக்கியத்தை நான் யோசிக்கவே இல்லை.

எழுதி முடிக்க ஐந்து மாதமானது. இனி வருவதுதான் இளையவர்கள் கேட்ட முறை.

ஸ்கோர் கிடையாது, தடித்த அட்டைகள் மட்டுமே. மேல், நடு, கீழ் என்று மூன்று வகை. ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு அட்டைகள். அட்டையில் வாத்தியத்தின் பெயர் இருக்காது. எந்தச் சுரத்திலிருந்து எந்தச் சுரம் வரை என்று மட்டும் போட்டிருக்கும். அந்த எல்லைக்குள் வாசிக்க முடிந்த எவரும் அதை எடுத்துக்கொள்ளலாம். ஒரே சுரத்தை வெவ்வேறு வாத்தியக்காரர்கள் வெவ்வேறு விதமாக எழுதிப் படிப்பவர்கள். அதனால் ஒவ்வொரு அட்டையையும் நான்கு விதமாக எழுதி, கீழே போட்டோஸ்டாட் கடையில் படியெடுத்து, பிளாஸ்டிக் உறைபோட்டேன். ஒவ்வொரு அட்டையும் தன்னளவில் முழுமையாக இருக்க வேண்டும். இன்னொருவர் வாசித்தால்தான் அர்த்தம் வரும் என்று ஒரு வரியும் இருக்கக் கூடாது.

அடுத்தது, எப்போது ஆரம்பிப்பது என்பது. வழக்கமாக ‘செல்லோ முடித்ததும்’ என்று எழுதுவோம். அன்று செல்லோ வராவிட்டால் எல்லாம் அங்கேயே நின்றுவிடும். அதனால் குறிப்புகளை எல்லாம் ‘யாராவது ஒருவர்’ என்று மாற்றினேன். யாராவது ஒருவர் மூச்சுவிட்டதும், யாராவது ஒருவர் சத்தத்தைக் குறைத்ததும். ஹார்டுவேர் கடையில் வாங்கிய பெரிய மின்கடிகாரம் ஒன்றை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி சுவரில் மாட்டினோம். மொத்தம் முப்பத்தைந்து நிமிடம்.

கடைசியாக ஒரு விதி. எப்போதும் அடியில் ஒரு கீழ்ச்சுரம் ஒலித்துக்கொண்டிருக்க வேண்டும். வந்தவர்களில் யாரால் தாழ்வாக வாசிக்க முடியுமோ அவர் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அது ஒலிக்கும்வரை மற்றவர்கள் எப்போது வேண்டுமானாலும் ஓய்வெடுக்கலாம். எங்கள் குழுவில் கீழே போகக்கூடியவை செல்லோவும் யூஃபோனியமும்தான்.

நாற்காலியில் உட்காரவைத்து மேடம் மூன்று கேள்வியும் கேட்டார். தட்டு என் பக்கம் வந்தது.

பிறகு ஒரு சோதனை வைத்தேன். ஒத்திகையில் ஒவ்வொரு தடவையும் ஒருவர் வெளியே போய்ப் படிக்கட்டில் இறங்கி, கடைகளுக்கு முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதையில் நிற்க வேண்டும். மீதிப்பேர் மேலே பத்து நிமிடம் வாசிப்போம். வெளியே நிற்பவர் திரும்பி வந்து, தான் இல்லாத இடம் எங்கேயாவது கேட்டதா என்று சொல்ல வேண்டும். கேட்டிருந்தால் அந்த அட்டையைத் திருத்தி எழுதுவேன். முதல் மூன்று வாரமும் எல்லோரும் ஏதாவது ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தார்கள். புல்லாங்குழல்காரர் தன் இடம் ஒன்பதாவது நிமிடத்தில் பொக்கையாக இருந்தது என்று, பல் மருத்துவர் அல்லவா, அப்படித்தான் சொன்னார். திருத்தித் திருத்திக் கடைசியில் தேவண்ணனின் முறை வந்தது.

அவர் இறங்கிப் போனார். நாங்கள் வாசித்தோம். முடிந்து வெகுநேரம் கழித்துத்தான் படி ஏறி வந்தார். வாசலில் நின்று கதவைப் பிடித்துக்கொண்டார். வயது ஏறுகிறது என்று நினைத்தேன்.

“எப்படிண்ணே?” என்று கேட்டேன்.

கதவை விடாமலே சொன்னார்: “நான் இல்லாதது தெரியவே இல்லம்மா.”

என் ஐந்து மாத உழைப்புக்குக் கிடைத்த வார்த்தை அது. “அதாண்ணே எனக்கு வேணும். நீங்க இருந்தாலும் இல்லாட்டியும் ஒண்ணுதான்,” என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

தேவண்ணன் என்னைப் பார்த்தார். “நல்லதுதான்,” என்றார். தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்து, அன்று ஊதியே இராத வாத்தியத்தைத் துணியால் துடைத்தார்.

அடுத்த சனிக்கிழமை வந்தார். அதற்கடுத்த வாரம் வாட்ஸப் குழுவில், இந்த வாரம் வர முடியவில்லை, மன்னிக்கவும் என்று எழுதினார். வரிசையாகக் கட்டைவிரல் படங்கள் விழுந்தன, மொத்தம் ஒன்பது. அதில் ஒன்று என்னுடையது. மறுவாரமும் அதே செய்தி, அதே ஒன்பது கட்டைவிரல்கள். மூன்றாவது வாரம் செய்தி வரவில்லை. யாராவது கேட்டிருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்தோம். பழைய நாளாக இருந்தால், அவர் இல்லாமல் வாசிக்க முடியாமல், ஒத்திகை கெட்டுப்போன கோபத்திலாவது ஒருவர் போன் செய்திருப்போம். இப்போது ஒத்திகை கெடவில்லை. எட்டுப் பேரோடு அழகாகப் போனது. வேறு வேலை இருந்தது, கச்சேரி நெருங்கிக்கொண்டிருந்தது.

கச்சேரி கோலாலம்பூரில் ஒரு சின்ன அரங்கத்தில் நடந்தது. எங்கள் கணக்குக்கு நல்ல கூட்டம். முப்பத்தைந்து நிமிடமும் இசை ஓர் இடத்திலும் அறுபடவில்லை. பார்வையாளர்கள் எழுந்து நின்றார்கள். எங்களுக்கு அது வழக்கமில்லை. என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பெரிய கைதட்டல் அதுதான். மேடைக்குப் பின்னால் ஹுய் மின் இடது கையைத் தொடையில் வைத்து வலது கையால் பிசைந்துகொண்டிருந்தாள். விரல்களை முழுதாக நீட்ட முடியவில்லை. “இன்று எனக்கு ஓய்வே கிடைக்கவில்லை,” என்று ஆங்கிலத்தில் சொன்னாள். படபடப்பில் அதிகம் வாசித்துவிட்டாள் என்று நினைத்து, அவளை அணைத்துக்கொண்டு அடுத்தவரிடம் போனேன். மேடம் லூய் ஒரு மூலையில் தனியாக நின்றிருந்தார். அன்று அவர் யாரிடமும் பேசவில்லை. களைப்பு என்று அதற்கும் ஒரு காரணம் வைத்துக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்து, ஒரு காலையில், தேவண்ணனின் எண்ணிலிருந்தே குழுவுக்குச் செய்தி வந்தது. எழுதியவள் மலர். அப்பா அதிகாலையில் இறந்துவிட்டார், மாலையில் எடுக்கிறோம் என்று இரண்டே வரி.

கிள்ளானில் அவர் வீட்டுக்கு நான் போனது அதுதான் முதல் தடவை. வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டே போகும் நோய் என்று உறவினர் ஒருவர் சொன்னார். மலருக்கு அப்போது முப்பது வயதிருக்கும். பினாங்கில் ஒரு தொழிற்சாலையில் பெரிய வேலையில் இருந்தாள். என்னை அவளுக்குத் தெரிந்திருந்தது.

“சுகுணா ஆன்டிதானே. நாங்க உங்க கச்சேரிக்கு வந்தோம்,” என்றாள்.

எனக்குப் புரியவில்லை. நோய் இருக்கிறது என்று அப்பா தன்னிடம் சொன்னது கச்சேரிக்கு முந்தின வாரம்தான் என்றும், லீவு போட்டு ஓடிவந்ததும் அவர் கேட்ட முதல் காரியம் அரங்கத்துக்குக் கூட்டிப்போ என்பதுதான் என்றும் சொன்னாள். கதவோரம் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பாதியில், போகலாம் என்று அப்பா அவள் கையைத் தட்டியிருக்கிறார்.

“வண்டியில வரும்போது ஏதாச்சும் சொன்னாரா?” என்று கேட்டேன்.

“நல்லா போகுதுன்னு சொன்னார், ஆன்டி. வேற ஒண்ணும் சொல்லல.”

உள்ளே அவர் படுத்திருந்தார். கால்மாட்டில் ஒரு மேசைக்கு அடியில் யூஃபோனியம் பெட்டி இருந்தது. நான் அங்கே நிற்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ‘வந்தவர்கள்’ பல இடங்களில் வாசிக்கப்பட்டது. சிங்கப்பூரிலும் பாண்டுங்கிலும் வேறு குழுக்கள் வாசித்தன. ஒவ்வொரு தடவையும் நிகழ்ச்சிக் குறிப்பில் ஒரு வரி எழுதித் தருவேன், அழைத்தால் போவேன், கடைசி வரிசையில் உட்காரமாட்டேன். பத்து வருடம் எழுதிக்கொண்டுதான் இருந்தேன். எழுதியவற்றில் எதிலும் ‘யாராவது ஒருவர்’ என்ற சொல்லைப் போட என்னால் முடியவில்லை. நீங்கள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்று ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்துச் சொன்ன வாய் இது. நோயாளியிடம் சொல்கிறோம் என்று அப்போது தெரியாது. நல்ல உடம்போடு இருந்தவரிடம் மட்டும் அதைச் சொல்லலாமா?

கையேட்டுக்கு எழுத உட்கார்ந்தபோது இதையும் எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. எழுதுவதற்கு முன் மேடம் லூயிடம் சொல்ல வேண்டும். அவர் இப்போது செமினியில் தங்கை வீட்டில் இருக்கிறார். எண்பதை நெருங்கிவிட்டார். கை நடுங்குவதால் கொய்யாவைத் தங்கைதான் நறுக்கிக் கொடுத்தாள். தேவண்ணனிடம் நான் சொன்ன வார்த்தையைப் பற்றி எழுதப்போகிறேன் என்றேன். அந்த இசையை எழுதியதே தவறோ என்று இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருப்பதையும் சொன்னேன்.

அவர் ஒரு கொய்யாத் துண்டை எடுத்துத் திரும்பத் தட்டிலேயே வைத்தார். பிறகு, “அது நீ கண்டுபிடிச்சது இல்ல, சுகுணா. அவன் கேட்டது,” என்றார்.

கச்சேரிக்கு ஒரு வருடம் முன்பு தேவண்ணன் மருத்துவமனைக் காகிதம் ஒன்றோடு அவரிடம் வந்திருக்கிறார். குழுவிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்றிருக்கிறார். இனிமேல் எந்த வாரம் வர முடியும், எந்த வாரம் முடியாது என்று சொல்ல முடியாது. என்னால் மற்ற எட்டுப் பேரின் சனிக்கிழமை வீணாகக் கூடாது என்றிருக்கிறார். மேடம் விடவில்லை. நீ வருகிற அன்று வாசி, வராத அன்று உன்னால் எதுவும் கெடாத மாதிரி ஒன்று எழுதவைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். யாரிடமும் சொல்லக் கூடாது என்று தேவண்ணன் மேடமிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். பரிதாபத்தால் தனக்கு ஓய்வு கொடுப்பார்கள், அது வேண்டாம் என்றாராம்.

“அப்படின்னா நான் சொன்னது அவருக்கு நிம்மதியா இருந்திருக்குமா, மேடம்?” என்று கேட்டேன்.

“எனக்குத் தெரியல. நானும் அங்கதானே இருந்தேன். அவன் முகத்தைப் பார்த்தேன். எனக்குத் தெரியல லா,” என்றார்.

தட்டு எங்கள் இருவருக்கும் நடுவில் அப்படியே இருந்தது. நான் கிளம்பும்போது, ஹுய் மின்னின் கை இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டார். பத்து வருடத்துக்கு முந்தைய வலி அவருக்கு எப்படி ஞாபகம் இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே பஸ்ஸில் வந்தேன். வீட்டுக்கு வந்து பழைய ஒத்திகைப் பதிவுகளை எடுத்துக் கேட்டேன். தேவண்ணன் இருந்த ஒத்திகைகளில், செல்லோ கொஞ்சம் களைக்கிற இடத்திலெல்லாம் அடியில் யூஃபோனியம் வந்து நிற்கிறது. செல்லோ விலகிக்கொள்கிறது. அவள் திரும்ப வந்த பிறகுதான் அவர் போகிறார். கச்சேரிப் பதிவில் அந்தக் கீழ்ச்சுரத்தை முப்பத்தைந்து நிமிடமும் ஹுய் மின் ஒருத்தியே தாங்கியிருக்கிறாள். அதைத்தான் மேடைக்குப் பின்னால் அவள் என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

மறுநாள் மலருக்குப் போன் செய்துவிட்டுக் கிள்ளானுக்குப் போனேன். அப்பா இறந்த பிறகு அவள் பினாங்குக்குத் திரும்பிப் போகவில்லை. அதே வீட்டில்தான் இருக்கிறாள், கிள்ளானிலேயே ஒரு கிளினிக்கில் வேலை. மேடம் சொன்னதை அவளிடம் சொன்னால் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். உன் அப்பா ஒதுக்கப்படவில்லை, அவருக்காகத்தான் அந்த இசையே எழுதப்பட்டது என்று சொல்ல நினைத்தேன். டீ ஆற ஆறச் சொல்லி முடித்தேன்.

“எப்போ சொன்னாராம் மேடம்கிட்ட?” என்று கேட்டாள்.

“கச்சேரிக்கு ஒரு வருஷம் முன்னாடி.”

மலர் எழுந்து போய்ச் சமையலறையில் நின்றாள். குழாயைத் திறந்தாள், மூடினாள். திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“அதுக்கு அப்புறம்தான் ஆன்டி எனக்கு பினாங்கு வேலை கிடைச்சிச்சு. போகட்டுமான்னு அவர்கிட்ட கேட்டேன். போம்மா, நான் பார்த்துக்குறேன்னு சொன்னார். ஸ்டேஷனுக்கு வந்து பெட்டியத் தூக்கிக் குடுத்தார்.” டீக் கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “தெரிஞ்சிருந்தா போயிருக்க மாட்டேன்.”

ஆறுதல் என்று எடுத்துக்கொண்டு போனது அப்பாவோடு இருந்திருக்க வேண்டிய ஒரு வருடத்தை அவளிடமிருந்து பறித்ததாக ஆகிவிட்டது. மன்னிப்புக் கேட்டேன். அவள் தலையாட்டினாள், அதற்கு என்ன அர்த்தம் என்று இப்போதும் தெரியாது.

பிறகு அவளே கேட்டாள்: “ஒண்ணு கேக்கட்டுமா, ஆன்டி? உண்மைய சொல்லுங்க. அன்னைக்கு அப்பா இல்லாதது தெரிஞ்சிச்சா?”

உண்மையையே சொன்னேன். “கேட்டவங்களுக்குத் தெரியல. பக்கத்துல வாசிச்ச ஹுய் மின்னுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்கு அன்னைக்குத் தெரியல மா. நேத்துதான் தெரிஞ்சிச்சு.”

அவள் அழவில்லை. ஆறிப்போன டீயைக் குடித்து முடித்தாள். அப்பா தனியாக வாசித்தது ஏதாவது பதிவில் இருக்குமா என்று கேட்டாள். கூட யாரும் இல்லாமல், அவர் மட்டும். வீட்டில் அவர் வாசித்ததே இல்லையாம். அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு என்று சனிக்கிழமைக்காகவே வைத்திருப்பாராம்.

தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். நான்கு நாள் தேடினேன். பதினான்கு வருடப் பதிவுகளில் தேவண்ணன் எப்போதும் இன்னொருவருக்கு அடியில்தான் இருக்கிறார். அவருக்கென்று தனியாக நானோ வேறு யாரோ ஒரு வரிகூட எழுதவில்லை. கடைசியில், படிக்கட்டுச் சோதனைக்கு முந்தின மாதத்து ஒத்திகைப் பதிவு ஒன்றில், இசை ஆரம்பிப்பதற்கு முன்னால் கிடைத்தது. ஒலிப்பதிவுக் கருவியை முன்னதாகவே ஓடவிட்டிருக்கிறேன். நாற்காலி இழுக்கும் சத்தம். யாரோ சிரிக்கிறார்கள். அப்புறம் யூஃபோனியத்தில் ஒரே ஒரு தாழ்ந்த சுரம், வாத்தியத்தைச் சூடாக்கிக்கொள்ள ஊதுவது. பதினோரு விநாடி வருகிறது. சத்தம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. முடிகிற இடத்தில் அறுந்துபோய், இருமல் ஆரம்பிக்கிறது. நீளமான இருமல். நின்றுவிட்டது என்று நினைத்தால் மறுபடி வருகிறது.

அந்தச் சுரத்தை மட்டும் வெட்டி அனுப்பலாமா என்று யோசித்தேன். வெட்டினால் அது மறுபடியும் நான் எழுதியதாகிவிடும் என்று பட்டது. முழுதாகவே அனுப்பினேன்.

மறுநாள் மலரிடமிருந்து பதில் வந்தது. இருபது தடவைக்கு மேல் கேட்டதாக எழுதியிருந்தாள். கீழே இன்னொரு வரி.

“இருமி முடிச்சதும் ‘ஆரம்பிக்கலாமாண்ணே’ன்னு கேக்குறது நீங்கதானே, ஆன்டி?”

ஆமாம் என்று எழுதினேன்.